குற்றாலத்தில் ஒரு சுத்தபோசனம்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் அது. குற்றாலத்தில் சாரல் வெளுத்து வாங்கிய வருஷம். பேரருவிக்குப் போகிற பாதையில் ஒரு வாடகை வீடு. என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதை, செத்து ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலான சில பேரிடம் கேட்டு முடிவு பண்ண அந்த வீட்டில் இரண்டு குடும்பம் கூடியிருந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

எங்களுக்குத் தென்காசியில் பலசரக்குக் கடை. அப்பா சின்ன வயதில் சாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் சேர்ந்தவர். லத்தீனும் இங்கிலீஷும் கொஞ்சம் கொஞ்சம் படித்துவிட்டு, இது நமக்குச் சரிப்படாது என்று திரும்பி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். சாமியார் ஆகவில்லையே தவிர மற்றதெல்லாம் அப்படியேதான். காலையில் பூசை, ராத்திரி செபமாலை, வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். சுத்தபோசனம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சேசுநாதர் சிலுவையில் மரித்த நாள், அதனால் அன்றைக்கு ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்க வீடுகளில் கறி ஆகாது. தெரிந்தே ஒரு துண்டு வாயில் போட்டாலும் சாவான பாவம், நேரே நரகம்தான் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

அப்பாவுக்கு ஒரே ஒரு சிநேகிதர். அச்சன்புதூர்ப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். சீர்திருத்த சபைக்காரர், புராட்டஸ்டண்ட். எங்களுக்கும் அவர்களுக்கும் பழைய சொந்தம் உண்டு, வேதம் மட்டும்தான் வேறு. அப்பா அவரை ‘சார்வாள்’ என்பார். அவர் அப்பாவை ‘அண்ணாச்சி’ என்பார். இரண்டு பேரும் சந்தித்தால் ஊர்க்கதை, வியாபாரம், மழை தண்ணி எதுவும் பேசமாட்டார்கள். ஒரே பேச்சு, பழைய பிதாக்கள். அப்போஸ்தலர்களுக்குப் பிறகு முதல் சில நூறு வருஷங்களில் இருந்த ஆயர்களும் போதகர்களும் எழுதிவைத்தவை உண்டு அல்லவா, அதை எழுதினவர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் இன்றைக்கு உயிரோடு எழுந்து வந்தால் எங்கள் திருச்சபையை ஏற்றுக்கொள்வார்களா மாட்டார்களா என்பதுதான் வழக்கு.

“நேரா நம்ம கோயிலுக்குள்ள வந்து, பூசையில அப்பத்தைத் தூக்குத நேரம் பாத்து முழங்கால் போட்டுருவாவ. எதையும் கேக்கமாட்டாவ” என்பார் அப்பா.

“முழங்கால் போடுவாவ, சரி. எந்திரிச்சதும் கேப்பாவள்லா? இது என்ன பாஷை, இந்தச் சுரூபமெல்லாம் யாரு, ரோமாபுரியில இருக்க போப்பு சொன்னா நாங்க ஏன் கேக்கணும்னு?” என்பார் சார்வாள்.

இப்படியே பல வருஷம். ஒருத்தர் ஒரு புத்தகம் படித்தால் மற்றவருக்கு அனுப்புவார். அதைச் சைக்கிளில் கொண்டுவந்து எங்கள் கடையில் கொடுப்பது சார்வாளின் மகன். அப்பா கடையில் இல்லாதபோது வாங்கி வைப்பது நான். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவும் சார்வாளும் போப்பாண்டவரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டோம்.

விஷயம் வெளியே வந்ததும், அதுவரைக்கும் விளையாட்டாக இருந்த வழக்கு வினையாகிவிட்டது. எங்கள் சபைச் சட்டப்படி கல்யாணம் எங்கள் சாமியார் முன்னால்தான் நடக்க வேண்டும். பிறக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் கோயிலில்தான் ஞானஸ்நானம் என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும். இதைக் கேட்டதும் சார்வாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவருக்கு இருப்பது ஒரே மகன்தானே.

“அண்ணாச்சி, முதல் முந்நூறு வருஷத்துல எழுதினவங்கள்ல ஒருத்தராவது இப்படிச் சொல்லியிருந்தா காட்டும். எம் மவனை நானே கையெழுத்துப் போடச் சொல்லுதேன். இல்லைன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுருவோம்” என்று சொல்லிவிட்டார். அப்பாவும் ரோஷக்காரர். சரி என்றுவிட்டார்.

சாரலுக்கு அவர்கள் குடும்பம் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்குவது வழக்கம். அங்கேயே வைத்து, ஒரு வியாழக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசி முடிப்பது என்று ஏற்பாடு. அதுவரைக்கும் அப்பா கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, சாமியாரிடம் இரவல் வாங்கின தடித்தடிப் புத்தகங்களோடு மாடியிலேயே கிடந்தார். நான் காப்பி கொண்டுபோனால் என் முகத்தைப் பார்க்கமாட்டார். ஒருநாள் அவரே கூப்பிட்டு, “கிடைச்சிட்டுட்டி” என்றார். பிள்ளை மாதிரி சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை அருவியில் தண்ணீர் பெருக்கெடுத்து வந்து யாரையும் குளிக்க விடவில்லை. எண்ணெய்க் குளிப்பு இல்லாமல் குற்றாலத்தில் என்ன விருந்து? நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பினார்கள். நாளைக்கு என்ன கிழமை என்று அவர்களும் யோசிக்கவில்லை. கல்யாணக் கவலையில் நாங்களும் நினைவுபடுத்தவில்லை. அம்மாவைக் கேட்டால், “அது ஊருக்கே தெரியுமேன்னு இருந்துட்டேன்” என்றாள்.

மறுநாள் அருவிக்கரையில் நடந்ததை மாப்பிள்ளை பிற்பாடு எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்பா புத்தகத்தைத் துணியில் சுற்றி அருவிக்கே கொண்டுபோய்விட்டாராம். இரண்டு பேரும் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக் கல்லில் உட்கார, எண்ணெய் தேய்க்கிறவர்கள் முதுகில் அறைய, அதற்குள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கையெல்லாம் எண்ணெய், சாமியார் புத்தகத்தைத் தொட முடியாது. மாப்பிள்ளையைப் பிரிக்கச் சொல்லி, சாரல் படாமல் குடை பிடிக்கச் சொல்லி, வாசிக்கவும் சொன்னார். கல்யாணம் செய்கிறவர்கள் ஆயருடைய சம்மதத்தோடு செய்ய வேண்டும் என்று ஆதிப் பிதா ஒருவர் எழுதியிருந்த இடம் அது.

“கேட்டியளா சார்வாள்?” என்று அப்பா கல்லில் ஒரு தட்டுத் தட்டினாராம்.

“கேட்டேன். ஆயருக்குத் தெரியணும். எங்களுக்கும்தான் ஆயர் இருக்காரு. எந்த ஆயருன்னு போட்டிருக்கா? பிள்ளைகளைப் பத்திப் போட்டிருக்கா?”

அப்பா புத்தகத்தை எட்டிப் பார்க்கத் தலையை நீட்டினாராம். எண்ணெய் தேய்க்கிறவர், “ஆடாம இருங்க அண்ணாச்சி, தோள் இறுகிப் போயிக் கிடக்கு” என்றாராம். அப்புறம் இரண்டு பேரும் குளித்து, பாதையில் ஆளுக்கொரு ஓரமாக வீட்டுக்கு நடந்து வந்தார்கள். வாசலில் அப்பா வந்த வரத்தைப் பார்த்ததுமே முடிந்தது கதை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இதற்கு நடுவில்தான் அடுக்களையிலிருந்து அந்த வாசனை வந்தது. அம்மா என் கையைக் கிள்ளினாள். ஆட்டுக்கறிக் குழம்பு. சார்வாளின் சம்சாரம் விடியற்காலையிலேயே தென்காசிக்கு ஆள் அனுப்பி இளங்கறி வாங்கி, நடுங்கும் குளிரில் தன் கையாலேயே மசாலா அரைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு என்மேல் அப்போதே அவ்வளவு ஆசை. எப்படி இதைச் சொல்வது, யாரிடம் சொல்வது? அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆண்களுக்கு இலை போட்டாகிவிட்டது. பசி நேரம். சோறு விழுந்தது. மாமி, சார்வாளின் சம்சாரத்தை அப்படித்தான் இன்றைக்கும் எனக்குச் சொல்ல வருகிறது, குழம்புச் சட்டியை என் கையில் கொடுத்து, “ஏட்டி, மொதல்ல ஒங்கப்பாவுக்கு நீயே ஊத்து. ஒங் கையால ஊத்தினா அவருக்குக் கோபம் போயிரும்” என்றார்கள். பாவம், அருவிக்கரைப் பேச்சைவிடப் பெரிய சங்கடம் அந்தச் சட்டியில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் அப்பா இலைக்கு முன்னால் போய் நின்றேன். கரண்டி கையில் இருக்கிறது, கை நகரமாட்டேன் என்கிறது. அப்பா குழம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுக்களை வாசலில் முகமெல்லாம் வேர்த்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று நின்ற அந்த அம்மாளைப் பார்த்தார். எழுந்துவிடுவார், இலையை மடக்கிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். என் அப்பாவை எனக்குத் தெரியாதா? காய்ச்சலில் கிடந்தபோது டாக்டர் சொல்லியும் வெள்ளிக்கிழமை சூப்புக் குடிக்காத மனுஷர்.

“ஊத்துட்டி” என்றார்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“ஊத்து. அவங்க கஷ்டப்பட்டு ஆக்கியிருக்காவ.”

ஊற்றினேன். இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. அப்பா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சோற்றைப் பிசைந்து, ஒரு உருண்டையை எடுத்தார். கை வாய்க்குப் போகுமுன் பக்கத்து இலையிலிருந்து சார்வாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“அண்ணாச்சி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

அப்பாவின் கண் கலங்கியிருந்தது. கடையில் ஆள் ஏமாற்றினபோதும், பெற்ற தாய் செத்தபோதும் நான் பார்க்காத கண்ணீர். சார்வாள் பிடித்த கையை விடவே இல்லை. அப்படியே திரும்பித் தன் சம்சாரத்திடம், “இந்த இலையெல்லாம் எடு. குழம்பைக் கொண்டுபோயி மூடி வை. எல்லாருக்கும் ரசம் போதும்” என்றார். விஷயம் புரிந்ததும் அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். “மயினி, தப்பு எங்க மேலயும்தான்” என்று அவளும் சேர்ந்து அழுதாள்.

புது இலை வந்தது. ரசம், சுட்ட அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய். சீர்திருத்த சபை வீடு முழுக்க அன்றைக்குச் சுத்தபோசனம். இரண்டாம் தடவை ரசம் வாங்கும்போது சார்வாள் குனிந்த தலை நிமிராமல் பேசினார்.

“பழையவங்க வெள்ளிக்கிழமை நோன்பு இருந்தாவங்கது எனக்கு எப்பமே தெரியும் அண்ணாச்சி. படிச்சிருக்கேன். சொன்னா உம்ம கட்சி ஜெயிச்சிருமேன்னு சொல்லாம வச்சிருந்தேன்.”

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. எல்லோரும் சிரித்துவிட்டோம். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது வாசலில் வைத்து அப்பாவும் ஒன்று சொன்னார். “பிள்ளைகளைப் பத்தி அவங்க யாரும் எழுதலைங்கதும் எனக்குத் தெரியும் சார்வாள். தேடித் தேடிப் பாத்தேன். ஒரு வரி இல்லை. இது எங்க சபை பின்னால வச்ச சட்டம். ஆனா என்னால அதை மீற முடியாது.”

“இதை நீரு அருவிக்கரையிலயே சொல்லியிருந்தா அங்கனயே முடிஞ்சிருக்கும்லா?” என்றார் சார்வாள். பிறகு மகனைப் பார்த்து, “ஏலே, கையெழுத்துப் போட்டுரு. எம் பேரப்பிள்ளைக இந்த மனுஷனுக்கும் பேரப்பிள்ளைகதானலே” என்றார்.

எங்கள் கல்யாணம் பீடத்துக்கு முன்னால் நடக்கவில்லை. வேற்றுச் சபை மாப்பிள்ளை என்பதால், பூசை உடுப்புகள் வைக்கிற பக்கத்து அறையில், பாட்டு இல்லாமல், பூசை இல்லாமல் நடந்தது. அன்றைய சட்டம் அது. எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தச் சின்ன அறையில் சார்வாள் எந்த முகச்சுளிப்பும் இல்லாமல் கடைசி வரைக்கும் நின்றார். அன்றையிலிருந்து என் மாமனார் வெள்ளிக்கிழமை கறி தொடவில்லை. சபைக்காரர்கள் கேலி செய்தால், “போப்பு சொன்னதுக்காக இல்லவே. பழையவங்க இருந்தாவள்லா, அதுக்காக” என்பார்.

சில வருஷம் போயிற்று. எங்கள் கோயில்களில் என்னவெல்லாமோ மாறியது. லத்தீன் போய்ப் பூசை தமிழுக்கு வந்தது. சாமியார் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனி வெள்ளிக்கிழமை கறி சாப்பிட்டால் பாவம் இல்லை, அதற்குப் பதிலாக வேறு நல்ல காரியம் செய்தால் போதும் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அப்பா மட்டும் ஏதோ கைப்பொருளைத் தொலைத்தவர் போல இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மாமனார் தென்காசிக்குப் போய் அப்பாவைப் பார்க்கக் கிளம்பினார். நானும் பிள்ளைகளோடு கூடப் போனேன். எனக்கு உள்ளுக்குள் பயம். இத்தனை வருஷமாகக் காத்திருந்த மனுஷர், உங்கள் சபையே பழையவர்களின் நோன்பை விட்டுவிட்டதே என்று சொல்லி இன்றைக்கு அப்பாவை ஒரே அடியாக அடித்துவிடுவாரே என்று. அப்பா அவரை வரவேற்று உட்காரவைத்தார். அப்புறம், வழக்கமாக அடித்துப் பேசுகிறவர், முதல் தடவையாகக் கேள்வியாகக் கேட்டார்.

“பழையவங்க இப்பம் எங்க கோயிலுக்குள்ள வந்தா என்ன சொல்லுவாவ சார்வாள்?”

நான் அடுக்களையில் கரண்டியோடு நின்றுவிட்டேன்.

“என்னத்தைச் சொல்லப் போறாவ? முழங்கால் போடுவாவ அண்ணாச்சி” என்றார் என் மாமனார். அப்புறம் உள்ளே பார்த்து, “ஏட்டி, இன்னைக்கு வெள்ளிக்கிழமைலா? எங்க ரெண்டு பேருக்கும் ரசம்தானே வச்சிருக்க?” என்றார்.

இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் எங்கள் கல்லறைத் தோட்டத்தில், மற்றவர் அவர்கள் சபைத் தோட்டத்தில். பழைய பிதாக்கள் எங்கள் சபையை ஏற்றுக்கொள்வார்களா என்பதற்கு எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை ரசம் வைக்கும்போதெல்லாம், ஜெயிக்கக் கூடிய இடத்தில் ஜெயிக்காமல் விட்டுக்கொடுத்த அந்த இரண்டு பேரையும் அவர்கள் நிச்சயம் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.