தண்ணீர் லாரிக்காரரின் ஏழாவது அருவி

"இன்னும் ஒரு அடிதான்... போதுமாம்மா?" என்று கத்திக்கொண்டே அருவிக்கு எதிரே கேரவனைப் பின்னால் எடுக்கிறார் பெரியவர். உள்ளே, கட்டிலோரத்து ஜன்னல் கண்ணாடியை ஒரு விரல் இரண்டு முறை தட்டுகிறது. இரண்டு தட்டினால் 'இன்னும்'. ஒன்று தட்டினால் 'போதும்'. பக்கவாதத்தில் பேச்சு போனபின் அவர் மனைவிக்கு மிஞ்சிய மொழி இவ்வளவுதான்.

இது தெரியாமல் பின்னால் அரை மணி நேரமாக மாட்டிக்கொண்டிருந்த நான் ஹாரனை அலறவிட்டேன். இறங்கி வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். அவளால தலையத் திருப்ப முடியாது. வண்டியத்தான் திருப்பணும்."

என் வண்டியைப் பின்னால் எடுத்து இடம் விட்டேன்.

முப்பது வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். "ஊருக்கே தண்ணி ஊத்தினேன், இவள ஒரு அருவிக்குக் கூட்டிட்டுப் போனதில்ல" என்கிறார். ஒரு மாதம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் கைவிரித்த மறுநாளே லாரியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு இந்த ஓட்டை கேரவனைப் பிடித்திருக்கிறார். அந்த அம்மா என்றோ காலண்டரிலிருந்து கிழித்து வைத்த ஏழு அருவிப் படங்கள் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கின்றன. இது ஆறாவது.

பார்த்த லட்சணத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். முதல் அருவியின் நுழைவாயிலில் குறுக்குக் கம்பி இடித்துக் கூரை மூடி பிய்ந்துபோனது. அடுத்த அருவியில் குரங்குகள் அந்த ஓட்டை வழியே இறங்கித் தலையணையைத் தூக்கிக்கொண்டு போயின. இன்னோரிடத்தில் கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தது. "எல்லாரும் அருவில குளிச்சிட்டு வந்தாங்க சார், நான் கக்கூஸ் கழுவிட்டு வந்தேன்!" சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் மகா கஞ்சன். கை கழுவ ஒரு குவளை கேட்ட என் மனைவியிடம், "தப்பா நினைக்காதம்மா, தண்ணித் தொட்டி காலி. ரெண்டு கேன்தான் இருக்கு, அவளத் துடைச்சுவிடணும்" என்று நெளிந்தார்.

ஏழாவது அருவிக்கும் அவர் பின்னால்தான் போனோம். வழக்கம்போல் வளைத்து வளைத்து நிறுத்தினார். எதிரே மொட்டைப் பாறை. சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மேல அணைய மூடிட்டாங்க. இனி மழை வந்தாத்தான்" என்றார் காவலாளி.

"மழை எப்பங்க?" என்றார் பெரியவர்.

"மூணு மாசம் ஆகும்."

மூன்று மாதம்! டாக்டர் கொடுத்ததே ஒரு மாதம். அவர் ஜன்னல் பக்கம் போனார். கண்ணாடி வழியே மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அசையவில்லை.

பெரியவர் ஒரு கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்னேணியில் ஏறினார். கூரையில் குப்புறப் படுத்து, மனைவியின் ஜன்னலுக்கு நேராகக் கேனைச் சாய்த்தார். கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து இறங்கியது. கேன் காலியானது.

உள்ளிருந்து தட்டும் சத்தம். இரண்டு முறை.

மூச்சு வாங்க இறங்கி வந்து, மிச்சமிருந்த கேனின் மூடியைத் திருகினார்.