அம்மா உட்கார்ந்ததும் எழுந்த லோடர்

உத்தனப்பள்ளி ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் சித்தப்பா ஒரு பழைய குட்டி லோடரைக் கொண்டுவந்து இறக்கியபோது எனக்கு ஒன்பது வயது. முன்னால் ஒரு வாளி, இரண்டு பக்கமும் இரும்புக் கை, நடுவில் ஓர் ஆள் உட்காரும் கூண்டு. காண்ட்ராக்ட் முடிந்ததென்று சித்தப்பாவைக் கம்பெனியில் நிறுத்தியிருந்தார்கள். வண்டி ஓடினால் கிரானைட் அறுக்கும் இடத்தில் வேலை. ஓடாவிட்டால் திருப்பூருக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

நாலு மாதம் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். லீவு நாளில் அப்பாவும் கூட நின்றார். ஓஸ் மாற்றினார்கள், இரும்புக் கையைத் தூக்கும் பம்பைக் கழுவினார்கள், கருகிய வயரையெல்லாம் புதிதாக இழுத்தார்கள். சீட்டு கிழிந்து கிடந்ததால் அம்மா ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். கொழுந்தனுக்கு இடுப்பு வலிக்கக் கூடாதென்று தேங்காய் நாரை அடைத்து அடைத்து, கல் மாதிரி.

கிரானைட் சூப்பர்வைசர் சாயங்காலம் பார்க்க வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, சித்தப்பா ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் வண்டி நகரவில்லை, கை மேலே எழவில்லை. எதிரே சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தது. பழம் நசுங்காமல் முழுசாகக் கிடந்தது. பூஜைக்கு முன்னால் அதை எடுத்து முகர்ந்து பார்த்தவள் நான். அதனால்தானோ என்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"பம்பு போச்சுடா" என்றார் அப்பா. இஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றாமல் சித்தப்பா இறங்கினார்.

"தள்ளுங்க, மெத்தையில ஏதாச்சும் குத்துதான்னு பாக்கறேன். நெளிஞ்சுகிட்டே இருந்தாரு தம்பி."

அம்மா ஏறி உட்கார்ந்து, அவரைப் போலவே மடிக்கு மேலே வரும் குறுக்குக் கம்பியையும் இறக்கிக்கொண்டாள். விளக்கு அணைந்தது. தெரியாமல் பெடலை மிதித்ததில் இரும்புக் கை விருட்டென்று மேலே போனது.

"ஐயோ, நிறுத்துங்க இத!"

"அண்ணி, காலை எடுங்க!"

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்சு. ஆள் உட்கார்ந்து அது அழுந்தினால்தான் மற்றதெல்லாம் வேலை செய்யும். அம்மாவின் மெத்தையை மீறி அதை அழுத்தச் சித்தப்பாவுக்கு எடை போதவில்லை.

"அண்ணியையும் ஏத்திட்டுப் போடா வேலைக்கு!" அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. இறங்கி வந்து சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். "மத்தியானம் எங்க தம்பி சாப்புடறீங்க?"

"கடையிலதான் அண்ணி" என்றார் அவர், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு.

மெத்தையிலிருந்து பாதி நாரை உருவினாள். அப்படியும் அவர் எடை கொஞ்சம் குறைந்தது. சூப்பர்வைசர் வந்தபோது சித்தப்பா மடியில் ஒரு கருங்கல்லை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிக் காட்டினார்.

"என்னப்பா இது, மடியில கல்லு?"

"குலசாமிங்க சார்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "திங்கக்கெழம வந்துடு."

மறுநாளிலிருந்து சித்தப்பாவுக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அவர் தட்டில் மட்டும் ஒரு முட்டை கூடுதல். முடிக்கும்வரை அம்மா எதிரிலிருந்து எழமாட்டாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும், சுவிட்சு அழுந்த வேண்டுமே என்று பொறுத்துக்கொண்டேன்.