சாக்கால் மூடிய பிள்ளை

கண்டியில் மஹய்யாவைத் தெருவில் தவமணியிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. குழாயடியில் அவள் வாளி வைத்தால் வைத்ததுதான். அப்பேர்ப்பட்டவள் எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில், மகள் பத்மாவின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பதுங்கினாள்.

புருஷன் கறுப்பையாவுக்கு மலேரியா மருந்தடிக்கிற வேலை. தெருமுனையில் கடைகள் எரியத் தொடங்கியதும் ஸ்டோர்கீப்பர் மாத்தயா, சிங்களவர், நல்ல மனுஷன், மூவரையும் மருந்து ஸ்டோருக்குள் விட்டு வெளியே பூட்டினார். உள்ளே மூட்டை மூட்டையாக டீடீடீ பூச்சிமருந்து. அடிக்கக்கூடாதென்று நிறுத்தி வருஷக்கணக்காகியும் யாரும் அள்ளிப் போடாத பழைய தூள்.

சத்தம் நெருங்க நெருங்கத் தவமணிக்கு ஒரே நினைப்புத்தான். கதவை உடைத்தாலும் பிள்ளை கண்ணில் படக்கூடாது. பதினொரு வயது, இன்னும் பெரியவளாகவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கவைத்தாள். இரண்டு சாக்குத் தூளை அங்கேயே கொட்டிவிட்டு, அந்தச் சாக்காலேயே தலையோடு மூடினாள்.

"இருமிடாதடி, என் தங்கமே!"

மூன்று நாள் பத்மா அந்தத் தூளிலேயே கிடந்தாள். கடைசிவரை ஒருத்தனும் வந்து கதவைத் தட்டவில்லை.

பிறகு பத்மா பிலிமத்தலாவைக்கு வாழ்க்கைப்பட்டாள், ஒரு மகளும் பெற்றாள். கறுப்பையா போய்ச் சேர்ந்தார். பாழாய்ப்போன யுத்தம் மட்டும் தொலையவில்லை. இரண்டாயிரத்து எட்டில், முப்பத்தாறு வயதில், பத்மாவுக்கு மார்பில் கட்டி. ஆஸ்பத்திரி வாசலில் ஆமிக்காரன் பையைக் கொட்டிச் சோதித்து, ஸ்கேன் படத்தையும் வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

பத்மாவை வார்டில் சேர்த்தபின் டாக்டரம்மா தவமணியைத் தனியே கூப்பிட்டார்.

"குடும்பத்தில யாருக்கும் இது இருந்திச்சா?"

"இல்லீங்க."

"சின்ன வயசில பூச்சிமருந்து ஏதும் பட்டிச்சா?"

தவமணி ஸ்டோர் கதையைச் சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"அது உடம்புக்குள்ள போய் ஹோமோன் மாதிரி வேலை செய்யும். வயசுக்கு வர முந்தி பட்ட பிள்ளைகளுக்குப் பிறகு இந்த நோய் வர வாய்ப்புக் கூடன்னு சொல்றாங்க. ஆனா உங்க மகளுக்கு அதனாலதான் வந்திச்சுன்னு யாராலயும் சொல்ல ஏலாதும்மா." ஸ்கேன் படத்தை எடுத்து, "ஈரலுக்கும் பரவியிருக்கு. காலம் கடந்திருச்சு" என்றார்.

சொல்ல ஏலாதாம்! பெற்றவளுக்கு யார் சொல்ல வேண்டும்? ஐயோ, இந்தக் கையாலேதானே கொட்டினேன்!

வார்டுக்குத் திரும்பியபோது பத்மா பக்கத்துக் கட்டில் பாயிஸாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா லேசுப்பட்டதில்ல! கலவரத்தில என்னைச் சாக்கால மூடிக் காப்பாத்துச்சு. இதிலயும் காப்பாத்திரும், பாருங்க. அம்மா, குளிருது."

தவமணி கட்டிலருகே வந்தாள். காலடியில் கிடந்த போர்வையை எடுத்தாள். மகளை மூடக் கை வராமல் அப்படியே நின்றாள்.