வாசற்படி மைல்

வேலைக்குப் போகும் வழியில், அக்காடி மெட்ரோ படிகளில் இறங்கும்போது தொலைபேசி அடித்தது. "தம்பி, இவர் விடிய எங்களை விட்டிட்டுப் போயிட்டார்" என்றார் கணேசலிங்கம் அண்ணையின் மனைவி. நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

இதை வாசிக்கும் எங்கள் ஆட்களில் பலருக்கு அண்ணை, பார்க் எக்ஸ்டென்ஷன் மண்டபத்தில் மாதம் ஒருமுறை சொற்களைப் பற்றிப் பேசுபவர். எனக்கு அவர், சென்ட் லோரன்ட் களஞ்சியத்தில் பதினாறு வருடம் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கியவர். அதற்கு முன் வடநோர்வேயில் மீன் வெட்டியிருக்கிறார். "மீன் மணம் போயிட்டுது, சொல்லுகள் போகேல்லை" என்பார்.

அவருக்குப் பிடித்த நோர்வேச் சொல் டோர்ஸ்டொக்மீலா. கதவு, மரக்கட்டை, மைல் மூன்றும் ஒட்டிய சொல். அந்த நாட்டு மைல் பத்துக் கிலோமீட்டர். வெளிக்கிட மனம் வராதவனுக்கு வாசற்படியைத் தாண்டுவதே அவ்வளவு தூரம் என்று பொருள். ஒரு கூட்டத்தில் அது பிறந்த கதையையும் சொன்னார்: பனி மூடிய வாசற்கட்டையைத் தோண்டி வெளியே வர, மீனவர்களுக்கு ஒரு மைல் நடக்கும் நேரம் பிடித்ததாம். எங்கள் பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, நோர்வேயில் தன்னோடு வேலை செய்த நண்பருக்கு அண்ணை எழுதி, அந்தக் கதையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு கதையே அங்கே இல்லை என்று பதில் வந்தது. அப்போது அண்ணைக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. கதை பிழை என்று எல்லாருக்கும் சொல்ல, பெப்ரவரிக் கூட்டத்துக்குத் தன்னைக் கூட்டிப்போகும்படி என்னிடம் கேட்டார்.

"இந்தக் குளிருக்குள்ள ஏன் அண்ணை? பேந்து, குளிர் போனாப் பிறகு சொல்லலாம்."

"பேந்து எண்டா எப்ப, தம்பி?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவர் காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டேன். வாசலிலிருந்து காருக்கு இருபது அடி. மூன்று இடத்தில் நின்றார். மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னார்: "பனிக் கதை நான் கட்டினது. வடிவா இருந்ததாலை நானே நம்பிட்டன். அந்தச் சொல்லை ஆர் முதல் சொன்னதெண்டு எனக்குத் தெரியாது."

இறுதிச் சடங்கில், அன்று மண்டபத்துக்கு வராத ஒருவர் அதே பனிக் கதையைச் சொல்லி அண்ணையைப் புகழ்ந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். பலர் அழுதார்கள். அண்ணையின் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். செத்தவீட்டிலும் பிழை பிடிக்கிறான் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருந்த கதிரையிலிருந்து ஒலிவாங்கிக்குப் பத்து அடி இருக்காது. கால் வரவில்லை. பிறகு எழுந்தேன்.

"அது அண்ணை கட்டின கதை. தெரியாது எண்டு சொல்லத்தான் அவர் அண்டைக்கு அந்தக் குளிருக்குள்ள வந்தவர்" என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பத்து அடிதான். அந்தக் கதையை இனி எங்கே கேட்டாலும் எழுந்து போய் உண்மையைச் சொல்வேன்.