முதல் பேஸில் என் கால்

போன வாரம் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். வாங்கி முடித்து மேல்மாடிக்கு ஏறினால், ஒரு கடைக்காரர் தோல் செருப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். எந்த அளவு வேண்டும் என்று கேட்டார். செருப்பு வேண்டாம், சும்மா வாசம் பிடிக்கிறேன் என்று சொல்ல முடியுமா? ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது அது காலைக் கடிக்கிறது.

தோலும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் எனக்கு அது பந்து பிடிக்கிற கையுறையின் வாசனை. முன்பு இங்கே சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். எங்கள் ஜப்பானிய மேலாளருக்குப் பேஸ்பால் என்றால் உயிர். அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளையெல்லாம் வளைத்துப்போட்டு ஒரு லீக் தொடங்கினார். பேஸ்பாலுக்கு இடம் போதாததால் அது சாஃப்ட்பாலாகச் சுருங்கியது. காஸ்வே பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரிலிருந்தும் ஓர் அணி வந்ததால், பதாகையில் 'வட்டார லீக்' என்று பெருமையாகப் போட்டுக்கொண்டோம். ஜோகூர்க்காரர்கள் காஸ்வே நெரிசலில் மாட்டி, வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர்வார்கள். அதுவரை நாங்கள் பீஹூன் கோரெங் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்போம். புதுக் கையுறை விறைப்பாக இருக்கும். அதற்கென்று வந்த எண்ணெய் தீர்ந்ததும் யாரோ வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்கள். எங்கள் அணி முழுக்கத் தலைக்கு எண்ணெய் வைத்ததுபோல் மணக்கும்.

அணியில் பெண்களும் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. என்னுடன் வேலை பார்த்த ரோசிதான் இழுத்துவிட்டாள். "சும்மா வந்து நில்லு லா, பந்து வந்தா பிடி" என்றாள். பள்ளியில் ஓட்டப்பந்தயம் என்றால் வயிற்றுவலி என்று சொன்னவள் நான். ஆனாலும் போனேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியவில்லை என்பதுதான் காரணம்.

அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை, உயிரில்லாமலே பிறந்தது. அதன் பிறகு என் வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். குடி கிடையாது, கோபம் கிடையாது, யாரிடமும் போய்ச் சொல்லி அழ ஒரு குறை கிடையாது. சாப்பாடு இருக்கிறது, பில் கட்டியாயிற்று, அவ்வளவுதான் பேச்சு. அவருக்குக் கப்பல் பட்டறையில் பகல் ஷிப்ட், எனக்கு மாலை ஷிப்ட். நான் வரும்போது அவர் தூங்கியிருப்பார், அவர் கிளம்பும்போது நான் தூங்குவேன். அவர் வேண்டுமென்றே அப்படி வைத்துக்கொண்டாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது சீசனில் அவருடைய பட்டறையும் ஓர் அணியை இறக்கியது. ஆள் பற்றாமல் இவரையும் சேர்த்துவிட்டார்கள். கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர், நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தானே. சாஃப்ட்பாலில் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். நம்மவர்களுக்கு அது கடைசிவரை கைவரவில்லை. மட்டையோடு ஓடுவார்கள், பேஸ் என்கிற தரைத்தட்டு நெருங்கியதும் கிரிக்கெட் கோட்டைத் தொடுவதுபோல் மட்டையை நீட்டித் தரையில் தேய்ப்பார்கள். மேலாளர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

எங்கள் அணியும் அவர் அணியும் மோதிய அன்று நான் முதல் பேஸில் நின்றேன். அடித்தவர் ஓடி வந்து கால் வைக்குமுன், பந்தைப் பிடித்து நான் பேஸை மிதித்திருந்தால் அவர் அவுட். அவர் அடித்தார், மட்டையோடு ஓடி வந்தார், நீட்டினார். மட்டை வந்துவிட்டது, ஆள் இன்னும் வரவில்லை. அதற்குள் பந்து என் கையுறைக்குள், என் கால் பேஸின்மேல். நடுவர் அவுட் கொடுத்தார். மட்டை தொட்டதே என்று இவர் வாதாடினார். மட்டை கணக்கில்லை என்றதும் கட்சி மாறி, என் கால் பேஸில் இல்லை என்று ஆரம்பித்தார். அத்தனை பேர் நடுவில் என் முகத்தை நேராகப் பார்த்து, "உன் கால் பேஸ்ல இல்ல, நீயே சொல்லு" என்று கத்தினார். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் சிரிக்கலாம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீடு வரும்வரை எம்ஆர்டி ரயிலில் அதே சண்டை. எதிரில் இருந்த சீன மாது எழுந்து வேறிடம் போனார். அந்த வாரம் இவர் என் இடைவேளை பார்த்துத் தொழிற்சாலைக்கே போன் செய்து, காலில் ஆரம்பித்துக் காலிலேயே முடித்தார். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று ரோசி பயந்துபோய்க் கேட்டாள். இப்போதுதான் கொஞ்சம் சரியாகிறது என்றேன்.

அந்தச் சீசன் முழுக்க அந்தச் சண்டையில்தான் பேசிக்கொண்டோம். ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்து, திடலோரப் பெஞ்சில் உட்கார்ந்து என் கையுறைக்கு எண்ணெய் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "பாப்பாவ என் கையில குடுக்க வந்தாங்க. நான் வாங்கல" என்றார். பிரசவத்தன்று நான் மயக்கத்தில் கிடந்தவள், எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேருந்து வந்து, எல்லாரும் ஏறச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் சொல்வதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் மேலாளரை ஜப்பானுக்கு மாற்றிவிட்ட செய்தி வந்தது. இழுத்துப்பிடிக்க ஆளில்லாத லீக் அத்தோடு படுத்துவிட்டது. பிறகு திடலைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். வீட்டில் வைத்து, அன்றைக்கு என்ன சொல்ல வந்தார் என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்று குளிக்கப் போய்விட்டார். வீட்டில் அவருக்கு அந்தப் பேச்சு வரவில்லை.

இப்போது பொங்கோலில் இருக்கிறோம். இரண்டு பேரும் ஓய்வு பெற்றாயிற்று, வேலை இல்லை, ஷிப்ட் இல்லை, நாள் முழுக்க ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். செருப்பு வாங்கி வந்த அன்று நானாகவே ஆரம்பித்தேன். விட்டுக்கொடுத்தாலாவது வாய் திறப்பாரா என்று ஒரு பொய்யைப் போட்டேன். "அன்னைக்கு என் கால் பேஸ்ல இல்லதாங்க."

கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

எதற்காக அத்தனை நாள் கத்தினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சூட்டோடு கேட்டுவிட்டேன். "பாப்பாவப் பத்தி மிச்சத்தச் சொல்லுங்க."

என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். டீ போடட்டுமா என்று கேட்டு எழுந்து போனார்.

அந்தத் திடலில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது, அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என்னோடு பேச அவர் பிடித்து வைத்திருந்தது, என் கால் பேஸில் இல்லை என்ற அந்த ஒரு பொய்தான். அதையும் அன்று விட்டுவிட்டார்.