ஏக்கம் அவளுக்கு, மண்வெட்டி எனக்கு

சப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோன நம் ரப்பர் தோட்டத்து ஆட்களில் ஒருவர், இன்று காய்ச்சலோடு திரும்பி வந்தார். அங்கிருந்து கடிதம் வராது. அங்கே இருக்கும் எங்கள் புருஷன்மார் சேதியெல்லாம் அவர் வாயில்தான் வந்தது.

பக்கத்து வீட்டு முனியம்மாவிடம், “ஒன்ன நெனச்சு ஏங்குறாராம், தங்கச்சி” என்றார். அவள் அழுதாள்.

பிறகு என்னிடம், “அக்கா, மண்வெட்டிய யாருக்கும் எரவல் குடுத்துடாதேன்னு சொன்னாரு.”

“அவ்வளவுதானா, தம்பி?”

“அவ்வளவுதான்லா.”

வயிறு எரிந்தது எனக்கு. பதினோரு வருஷக் குடித்தனம். ஏங்குகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்தா போய்விடும்? உங்கள் வீட்டுக்காரர்கள் என்ன சொல்லி அனுப்பினார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

மரவள்ளி நடக் கேட்டாள் முனியம்மா. மண்வெட்டியைக் கொடுத்துவிட்டேன்.

என்னைத் திட்டுவதற்காவது வந்து சேரட்டும் மனுஷன்.