நீலப் போத்தலின் வரிகள்

சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். செங் என்ற ஊரில், நிவேந்திரன் வீட்டில் நடந்தது இது. அன்று அங்கே இருந்தவர்கள் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நிவேந்திரனுக்குப் பழைய கண்ணாடிப் போத்தல் என்றால் பைத்தியம். தொழிற்சாலையில் லீவு கிடைத்தால் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவான். அந்தப் புதன்கிழமை லூபோக் சீனா என்ற ஊரில், பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்த இடத்துக்குப் பின்னால் தோண்டியபோது, ஆறு பட்டை வைத்த நீலப் போத்தல் ஒன்று கிடைத்தது. உடம்பெல்லாம் மேடு மேடாக வரிகள். விஷ மருந்துப் போத்தல் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருட்டில் கை தவறி எடுத்தாலும் விரல் கண்டுகொள்ள வேண்டும் என்றுதான் அந்தக் காலத்தில் அப்படி வரி வைத்தார்கள். கழுவி அலமாரி மேல் வைத்தான். செத்தவர்கள் தொட்ட சாமான் வீட்டுக்குள் எதற்கு என்று மனைவி வாணி முணுமுணுத்தாள்.

மறுநாள் மகள் தாரணிக்கு விடாத இருமல். ஐந்து வயதுப் பிள்ளை, துவண்டு கிடந்தாள். வாணி கிளினிக்கில் மருந்து வாங்கி வந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

மாலை 4.10. பேய் மழை. கரண்ட் போய்விட்டது. நிவேந்திரன் மேசையிலிருந்து மருந்தை எடுத்தான். விரலில் வரிகள் நெருடின...

பதறிப்போய் ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தான். கையில் இருந்தது கிளினிக் கொடுத்த பிளாஸ்டிக் போத்தல். வழவழவென்று இருந்தது. நீலப் போத்தல் அலமாரி மேலேயே இருந்தது.

4.13. மறுபடி எடுத்தான். மறுபடி வரிகள். ஆறு பட்டையும் உள்ளங்கையில் அழுந்தின. பயந்துவிட்டான். ஆனால் பிள்ளை இருமி இருமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கரண்டியில் ஊற்றினான்.

4.15. கரண்டியை வாயருகே கொண்டுபோனான். தாரணி வாய் திறக்கவில்லை. "ம்ம்... ம்ம்..." என்று தலையை உதறினாள்.

கரண்டியைப் பின்னால் இழுத்தான். அப்போதுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"ஏம்ப்பா என் வாயப் பொத்துனீங்க?"

அவனுடைய ஒரு கையில் கரண்டி.

மறு கையில் போத்தல்.

டங்... கரண்டி விழுந்தது.

வாணி திரும்பியபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். நடந்ததைச் சொன்னான். அவள் சிந்திய மருந்தைத் துடைக்கக் குனிந்தாள். குப்பென்று தைல வாடை. உடனே கிளினிக்குக்கு ஓடினார்கள். உடம்பில் பூசுகிற மருந்தில் இருமல் மருந்து லேபிளை ஒட்டிவிட்டார்களாம். வாணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை, எடுத்த இடத்திலேயே போத்தலைப் புதைக்கப் போனான். அந்தத் தோட்டத்தில் பிறந்த காளிமுத்து அண்ணன் கூட வந்தார். போத்தலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்குன முனியாயி, மழ இருட்டுல, இருமுன தன் புள்ளைக்கு இதுலேருந்துதான் ஊத்திக் குடுத்திருச்சாம் தம்பி. வரி இருந்தா குடிக்கக் கூடாதுன்னு அதுக்கு யாரும் சொல்லல. புள்ள போனதும் மிச்சத்த அதுவே குடிச்சிருச்சு."

எந்த இடத்தில் தோண்டினாய் என்று கேட்டார். நிவேந்திரன் காட்டினான். பழைய குப்பை மேடு என்றுதான் நினைத்ததாகச் சொன்னான்.

"குப்ப மேடு இல்ல தம்பி. ரெண்டு பேரையும் அங்கதான் பொதச்சாங்க. போத்தல முனியாயி கையில வச்சே மூடுனாங்களாம்."